தாஸண்ணன் சாவுக்கு ஆடலாமா, கூடாதா?

செய்தி வந்தபோது நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டருக்கு விசில் ஊதும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் தாளம் போட்ட காதுக்கு ஊரில் எவன் விசிலும் சரியாக விழுவதில்லை. போன் அடித்தது. தாஸண்ணன் மகள் ஸ்டெல்லா.

"மாமா, அப்பா போயிட்டாரு. காபி கேட்டாரு. ஆத்தி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள…"

"சரிம்மா, வர்றேன்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் பிடித்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். கோலியனூர் தாண்டும்போதுதான் உறைத்தது, இது பாண்டி பஸ். தாஸண்ணன் வீடு திண்டிவனத்தில். அந்த நாளில் அவர் கூப்பிட்டால் அது பாண்டிக்குக் கிளம்பத்தான். தலைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கால் பழைய ரூட்டில் ஏறிக்கொண்டது.

"பெரியவரே, பாண்டின்னு கேட்டு வாங்கிட்டு இப்ப திண்டிவனம்ன்றீங்களே" என்று கண்டக்டர் சத்தம் போட்டு இறக்கிவிட்டார். ரோட்டில் நின்றேன். எந்தப் பக்கம் நின்றால் திரும்பிப் போகலாம் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. செஞ்சி முதல் மரக்காணம் வரை கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்பவன் நான்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரை ஆரோக்கியதாஸ் என்றால் தெரியாது, கிட்டார் தாஸ் என்றால் தெரியும். எண்பதுகளில் திண்டிவனம், விழுப்புரம் சுற்று வட்டாரத்துக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தவர். 'எலெக்ட்ரிக் மயில்' இசைக்குழுவின் தலைவர். முதல் கச்சேரி மயிலத்து மலையடிவாரத்தில் நடந்ததால் அந்தப் பெயர். நான் அதில் பாங்கோஸ், டிரிபிள் காங்கோ, அறிவிப்பு மூன்றும். எட்டாவது வரை படித்தவன் நான். எட்டாவதை இரண்டு தரம் படித்ததால் மற்றவர்களைவிட அதில் ஆழம் அதிகம்.

வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இரண்டு கட்சி. ஒரு பக்கம் தாஸண்ணன் மச்சினர் சூசை, கோயில் காரியம் பார்ப்பவர். "ஜெபமாலை, ரெண்டு பாட்டு, அவ்ளோதான். மோளம் அடிச்சி ஆடுறதெல்லாம் கூடாது" என்று கையை விரித்து நின்றார். இன்னொரு பக்கம் நாலு திசையிலிருந்தும் வந்த ஆர்கெஸ்ட்ரா ஆட்கள். டிரம் செட்டை வண்டியோடு கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள். "கிட்டார் தாஸைச் சும்மா அனுப்புனா நாங்கள்லாம் எதுக்குய்யா?"

ஸ்டெல்லா என்னை உள் அறைக்கு இழுத்துப் போனாள். முகம் வீங்கியிருந்தது.

"மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் சாவுக்கு ஆடணும்னு சொன்னாரா, ஆடக் கூடாதுன்னு சொன்னாரா? அம்மா இருந்தா அம்மாவக் கேட்டிருப்பேன். எல்லாரும் உங்களுக்குத்தான் தெரியும்ன்றாங்க. தப்பா அனுப்பிட்டா அப்புறம் திருத்த முடியாது மாமா."

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று நான் எங்கேயும் நின்றதில்லை. கேட்காத கேள்விக்கும் சொல்லியிருக்கிறேன். அன்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தெரியாமல் இல்லை. எனக்கு இரண்டுமே தெரியும்.

அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால் பாண்டியில் ஆரம்பிக்க வேண்டும். தாஸண்ணனுடைய மாமா ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். கிட்டாரும் ஒரு பெட்டி இசைத்தட்டும் அவர் கொண்டுவந்தது. அவர் வாசிக்கவில்லை, தாஸண்ணன் எடுத்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் அந்த மாமாவின் தயவில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலுக்குள் எங்கள் இருவரையும் விட்டார்கள். மேடையில் நாலு பேர் இங்கிலீஷ் பாட்டு வாசித்தார்கள், மேலே ஒரு கண்ணாடி உருண்டை புள்ளி புள்ளியாக வெளிச்சம் விட்டுச் சுற்றியது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து ஆடினார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் தனியாகவே ஆடினார். நான் வாசற்கதவைப் பார்த்தேன், எந்தப் பக்கமிருந்து பிணம் வரப் போகிறது என்று. எங்கள் பக்கத்தில் ஆம்பளை தெருவில் ஆடினால் ஒன்று சாமி வர வேண்டும், இல்லை சாவு விழ வேண்டும்.

தாஸண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "பொன்னு, பாத்தியாடா? யாரும் சாவல. சும்மா ஆடுறாங்க."

திரும்பி வரும் பஸ்ஸிலும் அதையேதான் சொன்னார். "யாரும் சாவல பொன்னு. சும்மா!" கிளியனூர் வந்தது, இறங்கி டீ குடித்தோம், அங்கேயும் அதேதான். டீக்கடைக்காரர், "யாருக்குய்யா உடம்பு சரியில்ல?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் காலத்து விழுப்புரத்து ராத்திரியை இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. ஜங்ஷனில் இஞ்சின் கத்தும். கடையில் பரோட்டா கொத்துவார்கள். இரண்டாம் ஆட்டம் விட்டு ஜனம் பேசிக்கொண்டே போகும். சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் எவனும் அதற்கு அசைய மாட்டான். இதை மாற்றுகிறேன் என்று தாஸண்ணன் கிளம்பினார். மரக்காணத்து மீனவர்கள் வலைக்குக் கட்டுகிற மிதவை ஒன்று வாங்கி வந்தார், பூசணிக்காய் அளவு. சலூன்களில் உடைந்த கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துண்டு துண்டாக அதில் ஒட்டினார். டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டி, மேலே லைட் அடித்துச் சுற்றவிட்டார். ஓட்டலில் பார்த்த உருண்டைக்கு அது ஒன்றும் சளைத்ததில்லை. செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வேனை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில்கூட இவ்வளவு பெரிதாக இல்லை என்று சொன்னார். இங்கிலீஷில்தான் சொன்னார், எனக்கு அது அப்படித்தான் விளங்கியது.

திண்டிவனத்தில் கச்சேரி. மடக்கு நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. உருண்டை சுற்றியது. புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஜனங்கள் முகத்தில் ஓடியது. தாஸண்ணன் கம்பியை இழுத்தார், நான் போட்டேன் பாருங்கள் ஒரு அடி, மேடைப் பலகை எழுந்து உட்கார்ந்தது. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அரை மணி நேரம் அப்படியே. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், "தம்பி, செட்டு ரிப்பேர் பாத்து முடிச்சிட்டீங்களா? எப்ப பாட்டு ஆரம்பிப்பீங்க?"

பக்கத்தில் இருந்தவர், "எனக்குக் கண்ணுல புள்ளி புள்ளியா ஓடுது, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார்.

நிலைமையை நான்தான் காப்பாற்றினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து அர்த்தம் சொன்னேன். "அடுத்து வருவது, அமெரிக்காவில் மாடு தொலைத்த ஒரு வாலிபன், அதை ஊர் ஊராகத் தேடிப் பாடுவது." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாட்டு முழுக்க ஜனம் அந்த மாடு கிடைத்ததா என்று கவலையோடு கேட்டது. முடிந்ததும் ஒரு அம்மா வந்து, "கெடச்சிச்சாப்பா?" என்றார்.

தாஸண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "அர்த்தம் எதுக்குடா? மழை பேயும்போது அர்த்தம் கேட்டுக்கினா நனையற?" என்றார். அந்தப் பாட்டுகளுக்கு அவருக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் அவர் மழையில் நனைகிறவர் மாதிரி நிற்பார். ஆடமாட்டார். காலால் தாளம்கூடப் போட மாட்டார். "கிட்டார்க்காரன் ஆடுனா கம்பி ஆடும். ஆட வேண்டியது அவங்க" என்று நாற்காலிகளைக் காட்டுவார். ஒரே ஒரு ஆள், ஒரு நாள், நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்பார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு ஆள்.

ஆள் எழுந்தார்கள், விழுப்புரத்தில். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று என் கைக்கு என்ன வந்ததோ, நான் போட்டது டிஸ்கோ அடிதான், ஆனால் அது பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் உடம்புக்குத் தெரிந்த ஒரே அடியாகச் சேர்ந்தது. ஒருவர் எழுந்தார். துண்டை இடுப்பில் இறுக்கினார். நாக்கை மடித்து விசில். அடுத்தவர் எழுந்தார். தாஸண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? பரீட்சையில் பாஸானவன் முகம். நான் பார்த்ததில்லை, ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்று. பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வாசலை நோக்கி ஆடினார்கள், பாடைக்கு முன்னால் ஆடுகிற மாதிரியே. ஒருவர் பழக்கதோஷத்தில் அலங்காரத் தோரணத்திலிருந்து சாமந்தியைப் பிய்த்து வழியெல்லாம் இறைக்க ஆரம்பித்தார்.

பொண்ணின் பெரியம்மா எழுந்து நின்று கத்தினார். "டேய்! இது கல்யாண வூடா, எழவு வூடா?"

சாமந்தி இறைத்தவர் திகைத்து, கையில் மிச்சமிருந்த பூவை என்ன செய்வது என்று தெரியாமல் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். "ஆட்டம்னா இதாங்கம்மா தெரியும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். எங்களைச் சாப்பிடாமல் அனுப்பிவிட்டார்கள்.

ரோட்டில் சாமான்களோடு நின்றோம். தாஸண்ணன் டிரம் பெட்டி மேல் உட்கார்ந்து, உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்த பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பொன்னு, நான் செத்தா ஒருத்தனும் ஆடக் கூடாது. உசுரோட இருக்கறவனுக்கு ஆட மாட்டேன், பொணத்துக்குத்தான் ஆடுவேன்னா, அந்தப் பொணம் நானா இருக்க மாட்டேன்."

இது ஒன்று.

இன்னொன்று கிளியனூரில். எங்கள் டிரம்மர் ராஜி இறந்து போனான். சின்ன வயசு, மஞ்சள் காமாலை. அவன் ஊர்க்காரர்கள் மேளத்தோடு எடுத்தார்கள். தாஸண்ணன் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார், திண்டிவனத்து நாற்காலி ஜனம் மாதிரி. பாதி வழியில் சட்டென்று செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆடினார். கம்பி ஆடும் என்று காலைக்கூட அசைக்காத மனிதர். எல்லோரையும் போலத்தான் ஆடினார். ஆனால் நான் சொல்கிறேன், ரோட்டில் போன லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன, பாண்டி வரை டிராஃபிக். ஆடி முடித்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நான் போனா இதுமாரி ஒரு ஆட்டம் போட்டு அனுப்புடா பொன்னு. சும்மா தூக்கிக்கினு போயிடாத."

இது இரண்டு. இரண்டையும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி மாமா. எத பின்னாடி சொன்னாரு? கடைசியா சொன்னது எதுவோ அதப் பண்ணிடலாம்."

கெட்டிக்காரப் பெண். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இந்த இரண்டு கதையையும் டீக்கடையில், கல்யாணப் பந்தியில், ரயிலில், எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் சிரிக்கிறவர்களாக இருந்தால் ராஜி சாவை முன்னால் வைத்து ரிசப்ஷனில் முடிப்பேன். அழுகிறவர்களாக இருந்தால் திருப்பி வைப்பேன். எப்படி வைத்தாலும் ஜோராக நிற்கும். இப்போது எது முன்னால், எது பின்னால் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன், தலைக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ராஜி சாவில் சாமந்தி இறைக்கிறார்கள். ரிசப்ஷனில் ராஜி டிரம் அடிக்கிறானா, இல்லையா? அடித்தால் அது முதலில் நடந்தது. அவன் முகத்தைத் தேடிப் பார்த்தேன். அவன் இடத்தில் உருண்டை வெளிச்சம் ஓடுகிறது, ஆள் தெரியவில்லை.

"ரெண்டும் சொன்னாரும்மா" என்றேன். "ரெண்டும் மனசாரத்தான் சொன்னாரு."

அவ்வளவு அழுகையிலும் அவள் சிரித்துவிட்டாள். "அப்பாதான். சட்ட எடுக்கப் போனாகூட இது வேணும், இது வேணாம்னு ஒரே சட்டையக் காட்டுவாரு." பிறகு வெளியே போய்ச் சொன்னாள். "மேளம் வேணாம். யாரும் ஆட வேணாம். சூசை மாமா சொல்றபடியே எடுத்துடலாம்." ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் என்னை முறைத்தார்கள். ஸ்டெல்லாவும் என்னைத்தான் பார்த்தாள், சரிதானா என்று. எனக்கு என்ன தெரியும்?

நாலு மணிக்கு எடுத்தோம். ஜெபம் சொல்லிக்கொண்டே போனோம். கல்யாண மண்டபத்துத் தெரு திரும்பினதும் எதிரே ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நடுவில் மாப்பிள்ளை கார், முன்னால் ஸ்பீக்கர் கட்டிய வண்டி, அதற்கு முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு ஆட்டம். பிள்ளைகள், புடவை கட்டிய அம்மாக்கள், வேட்டியை மடித்துக்கட்டிய மாமன்மார்கள். பாட்டு எந்த ஊர்ப் பாட்டோ, அடி மட்டும் எங்கள் அடி. தாஸண்ணன் பாண்டியில் இருந்து பஸ்ஸில் கொண்டுவந்த அதே அடி. இப்போது திண்டிவனத்தில் சந்துக்குச் சந்து கேட்கிறது, யார் கொண்டுவந்தது என்று எவனுக்கும் தெரியாது.

எங்களைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. ஸ்பீக்கர் வண்டிக்காரப் பையன் பதறிப் போய்ப் பாட்டை நிறுத்தினான். தெருவே அடங்கியது. சூசை கையைத் தூக்கி, வழி விடுங்கள் என்று காட்டினார்.

ஸ்டெல்லா முன்னால் போனாள். "தம்பி, நிறுத்தாதப்பா. போடு."

பையன் விழித்தான். "அக்கா, சாவு போவுது…"

"எங்க அப்பாதான். போடு."

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இங்கேயும் தெரியவில்லை, அங்கேயும் தெரியவில்லை. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இருந்து ஒரு கிழவர் குரல் வந்தது. "ஏன்டா மசமசன்னு நிக்கிறீங்க? எதுக்க பொணம் வந்தா நல்ல சகுனம்டா! போடுறா பாட்ட!"

பையன் போட்டான். முதலில் ஒரு சின்னப் பெண் ஆடினாள், பிறகு அவள் அம்மா. எங்கள் பக்கத்தில் ஒருவரும் ஆடவில்லை. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றோம். தாஸண்ணன் நடுவில் மேலே பார்த்துப் படுத்திருந்தார். அவர் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், புடவையும் வேட்டியுமாக அவ்வளவு பேர் ஆடிக்கொண்டு போனார்கள். அவருக்காக ஆடவில்லை. அவரை யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. சூசையின் கட்டைவிரல்கூடச் செருப்புக்குள் மேலும் கீழும் போனதை நான் பார்த்தேன். அவர் இல்லை என்று சொல்வார். நம்பாதீர்கள்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இது ஆடுனதா, ஆடாததா?"

"ரெண்டும்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா அந்த மிதவை உருண்டையை எனக்குக் கொடுத்தாள். கண்ணாடி பாதி உதிர்ந்துவிட்டது. விழுப்புரத்தில் என் வீட்டு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலை வெயிலில் சுவரெல்லாம் புள்ளி ஓடும். மருமகள் கடைக்குப் போன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன். முட்டி ஒத்துழைப்பதில்லை, ஆனாலும் எழுந்து நின்று, வாயாலேயே அடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஆடுகிறேன். யாரும் சாவல, சும்மா ஆடுறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உடனே ஞாபகம் வந்துவிடுகிறது, இல்லையே தாஸண்ணே, நீ செத்துட்டியே என்று. அந்த இடத்தில் தினமும் ஒரு அடி பிசகுகிறது. இந்த ஜில்லாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடையில் ஒரு அடிகூடப் பிசகாதவன் நான். அவருடையது என்று என்னிடம் இப்போது இருப்பவை இரண்டு: இந்த உருண்டை, அந்தப் பிசகு. உருண்டையை யார் கேட்டாலும் காட்டுகிறேன். பிசகை மட்டும் திருத்தாமல் வைத்திருக்கிறேன்.